ஓக்ராபீஸ் அருவி தேசியப் பூங்கா: இரண்டு ராத்திரியாவது தங்குங்கள்

நாங்கள் குடியிருப்பது தென்னாப்பிரிக்காவில், ஜோஹன்னஸ்பர்க்கின் தெற்குப் பக்கம். எங்கள் கூரையில் விழுகிற மழை க்ளிப் ஆற்றில் இறங்கி, வால் ஆற்றில் சேர்ந்து, டக்ளஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஆரஞ்சு ஆற்றோடு கலக்கிறது. அங்கிருந்து பாலைநிலத்துக்குள் ஓடி ஓக்ராபீஸில் விழுகிறது. நகரத்தின் வடக்கு மேட்டில் பெய்கிற மழையோ லிம்போபோ வழியாக இந்தியப் பெருங்கடலுக்குப் போய்விடும். என் மகன் பள்ளியில் இதைப் படித்துவிட்டு வந்ததிலிருந்து "நம்ம தண்ணி எங்க விழுதுன்னு பாக்கணும்" என்று ஒரே பிடியாக நின்றான். திருநெல்வேலியிலிருந்து அம்மாவும் வந்திருந்ததால் ஏப்ரல் கடைசியில் கிளம்பினோம்.

என்14 சாலையில் அப்பிங்டன் வரை சுமார் 800 கிலோமீட்டர். அதற்கு மேல் மேற்கே இன்னொரு 120. நடுவில் குருமனில் ஒரு ராத்திரி தங்கிவிடுங்கள், ஒரே நாளில் ஓட்ட வேண்டாம். வழியெல்லாம் தந்திக் கம்பங்களில் வைக்கோல்போர் மாதிரி தூக்கணாங்குருவிக் கூடுகள். நூற்றுக்கணக்கான குருவிகள் ஒரே கூரைக்குக் கீழே குடியிருக்கிற கூட்டுக் கூடுகள் அவை. காகமாஸ் என்ற ஊரை நெருங்கும்போது ஆற்றை ஒட்டி மட்டும் பச்சையாகத் திராட்சைத் தோட்டங்கள், இரண்டு பக்கமும் செம்மண்ணும் கல்லும். அங்கே உலர்திராட்சை வாங்கிக்கொள்ளுங்கள். பூங்காவில் நடக்கும்போது அதைவிட நல்ல தீனி கிடையாது.

அருவியைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நம்மவர்களுக்கு இது முக்கியம். இது குளிக்கிற அருவி இல்லை. 56 மீட்டர் உயரத்திலிருந்து மொத்த ஆறும் ஒரு கருங்கல் இடுக்குக்குள் திரும்பிப் பாய்கிறது. பக்கத்துப் பாறைகள் தண்ணீர் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாகக் கிடக்கின்றன. கம்பி வேலிக்கு உள்ளே நின்றுதான் பார்க்க வேண்டும். குற்றாலத்தில் வளர்ந்த அம்மா மரப்பாதையில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு தண்ணி விழுது, ஒரு கை நனைக்க விட மாட்டாவளோ?" என்று கேட்டாள். இந்த இடத்தில் வேலி அவசியம்தான். ஆனால் அம்மாவின் ஏக்கமும் எனக்குப் புரிந்தது.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: வரவேற்பு அலுவலகத்திலிருந்து அருவிக்கு நீண்ட நடை இல்லை. 67 வயதில் அம்மா மெதுவாக நடந்து தினமும் இரண்டு வேளை போய்வந்தாள். இந்தப் பகுதியின் பழங்குடிகளான கொய் மக்களின் மொழியில் இந்த இடத்துக்குப் பேரிரைச்சல் உள்ள இடம் என்று பெயராம், அதிலிருந்துதான் ஓக்ராபீஸ் வந்தது. அது உண்மை என்பது ராத்திரியில்தான் தெரிந்தது. குடிலில் படுத்திருந்தால் ஒரு ரயில் போய்க்கொண்டே இருக்கிற மாதிரி சத்தம்.

பெரும்பாலானவர்கள் காலையில் வந்து அருவி முன்னால் படம் எடுத்து, அரை மணியில் திரும்பிப் போகிறார்கள். இவ்வளவு தூரம் வந்தவர்கள் பூங்காவைப் பார்க்காமலே போகிறார்களே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. இந்தப் பூங்காவின் உயிர் அதன் பாறையில் இருக்கிறது.

இரண்டாம் நாள் விடிந்ததும் நானும் மகனும் டாஸி நடைபாதையில் கிளம்பினோம். ஐந்தாறு கிலோமீட்டர்தான். நின்று நின்று பார்த்து மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டோம். டாஸி என்பது பாறை இடுக்கில் வாழும், முயல் அளவு கொழுகொழுவென்ற பிராணி. யானைக்கு நெருங்கிய உறவு என்று சொன்னதும் மகன் அதன் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான். வழியில் ஒரு கருங்கழுகு பள்ளத்தாக்கின் மேல் வட்டமிட, பாறையில் வெயில் காய்ந்த டாஸிகள் ஒரு நொடியில் மறைந்துவிட்டன.

அப்புறம் பல்லிகள். இந்த ஆற்றோரப் பாறைகளில் இருக்கும் தட்டைப் பல்லிகளில் ஆணுக்கு முதுகு நீலம், முன்னங்கால் மஞ்சள், வால் ஆரஞ்சு. பெண்ணுக்குப் பழுப்பு உடம்பில் வெளிர்க் கோடுகள். ஆற்றங்கரையில் மேகம் மாதிரி மொய்க்கும் குட்டிக் கறுப்பு ஈக்களை அவை எம்பி எம்பிக் காற்றிலேயே பிடிக்கின்றன. அந்த ஈக்கள் நம் மூக்கிலும் காதிலும் நுழையும். துப்பட்டா உதவியது, தொப்பியோடு வலையும் கொண்டு போனால் இன்னும் நல்லது. ஆனால் அந்த ஈக்கள் இல்லையென்றால் இத்தனை பல்லிகளும் இல்லை. முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

நிலாப் பாறை ஒரு மொட்டைப் பாறைக் குன்று. வெயிலிலும் குளிரிலும் வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காக உரிந்து வழவழவென்று நிற்கிறது. ஏற்றம் சுலபம். உச்சியில் நின்றால் எட்டுத் திசையும் கல்தான். அதற்கு நடுவே அங்கங்கே அம்பறாத்தூணி மரங்கள். உண்மையில் அது மரமாக வளர்ந்த கற்றாழை இனம். வேட்டையாடி வாழ்ந்த சான் பழங்குடி மக்கள் அதன் கிளையைக் குடைந்து அம்பு வைத்துக்கொண்டார்களாம்.

சாயங்காலம் காரில் அராரட், ஒரான்யெகோம் என்ற இரண்டு காட்சி முனைகளுக்குப் போனோம். மண்சாலைதான், சாதாரணக் கார் போதும். நீண்ட சுற்றுப்பாதைக்குத்தான் நான்கு சக்கரமும் விசையோடு சுழலும் ஃபோர் வீல் டிரைவ் வண்டி தேவை. எங்கள் வாடகைக் காரில் உபரிச் சக்கரம் காற்றிறங்கிக் கிடந்ததை பஞ்சரான பிறகுதான் கண்டோம். கிளம்பும் முன் டிக்கியைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த ஒரு குடும்பம் காற்றடிக்கும் கருவி கொடுத்து உதவியது. அந்தக் காத்திருப்பில்தான் ஒட்டகச்சிவிங்கி இரண்டைப் பார்த்தோம், தாயும் குட்டியும். சிங்கம், யானை தேடி இங்கே வராதீர்கள், அவை இல்லை. ஸ்பிரிங்பாக், ஜெம்ஸ்பாக் என்ற மான் வகைகள், மலை வரிக்குதிரை, பாறையில் குளம்பு நுனியால் நிற்கும் க்ளிப்ஸ்பிரிங்கர் மான் எல்லாம் உண்டு.

கோடையில், அதாவது இங்கே டிசம்பர், ஜனவரியில், வெப்பம் 40 பாகையைத் தாண்டும். அப்போது நடக்க முடியாது. மூன்று நாள் க்ளிப்ஸ்பிரிங்கர் நடைபாதையையே வெயில் மாதங்களில் மூடிவிடுகிறார்கள். மழை பெய்த கையோடு வந்தால் அருவி பெருகியிருக்கும், 1988, 2011 மாதிரி வெள்ள ஆண்டுகளில் பாறையே தெரியாத அளவுக்கு. குளிர்காலத்தில் தண்ணீர் குறைவு, நடைக்கு அருமை. ஏப்ரல் கடைசியில் எங்களுக்கு இரண்டும் கிடைத்தன. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுங்கள். குடிலில் சமையலறை இருந்ததால் சைவக்காரர்களான எங்களுக்குச் சாப்பாட்டுக் கவலையே இல்லை, புளிக்காய்ச்சலும் அரிசியும் போதும். சாப்பாட்டை வெளியே வைக்காதீர்கள், குரங்குகள் காத்திருக்கின்றன.

திரும்பும்போது அப்பிங்டனில் ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தினோம். அங்கே ஆறு அகலமாக, சத்தமில்லாமல் போகிறது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் நனைத்துக்கொண்டாள். "ஆச்சி, நம்ம வீட்டு மழை" என்றான் மகன். இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டாள். அடுத்த ஜூலையில் அவனும் நானும் அந்த மூன்று நாள் நடைக்குப் போவதாக இருக்கிறோம்.