நடிப்பு வகுப்புகள்: எதற்குப் பணம் கட்டலாம், எதை விட்டுவிடலாம்

ஒரு நடிப்பு வகுப்பை எடைபோட முதலில் கேட்க வேண்டிய கேள்வி: மூன்று மணி நேர வகுப்பில் நீங்கள் எழுந்து நின்று நடித்தது எத்தனை நிமிடம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். இருவர் நடிக்கும் காட்சிக்குப் பத்து நிமிடம். ஆசிரியர் திருத்தி, மறுபடி நடிக்க வைக்கப் பதினைந்து நிமிடம். ஆக, ஜோடிக்கு 25 நிமிடம். 12 பேர் என்றால் ஆறு ஜோடி, 150 நிமிடம். உடலையும் குரலையும் தயார்படுத்த அரை மணி சேர்த்தால் மூன்று மணி நேரம் சரியாக நிரம்பிவிடும். அதே வகுப்பில் 20 பேரைச் சேர்த்தால் காட்சிகளுக்கே 250 நிமிடம் வேண்டும். அப்போது சிலர் அந்த வாரம் நடிக்காமலே வீடு திரும்புவார்கள். இல்லையென்றால் திருத்தம் என்பது "நல்லா இருந்தது, இன்னும் கொஞ்சம் எனர்ஜி வேணும்" என்ற அளவில் முடிந்துபோகும். ஆசிரியர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கடிகாரம் ஒன்றுதான்.

அடுத்த கேள்வி: ஒரே காட்சியை எத்தனை முறை திரும்பக் கொண்டுவர விடுகிறார்கள்? வாரம் ஒரு புதுக் காட்சி கொடுக்கும் வகுப்புகள் உற்சாகமாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே நீங்கள் ஏற்கெனவே செய்யத் தெரிந்ததையே வேறு வேறு வசனங்களில் செய்துகாட்டிக்கொண்டிருப்பீர்கள். முதல் முறை வசனம் நினைவிருக்கிறதா என்பதிலேயே கவனம் போய்விடும். இரண்டாம் முறை ஆசிரியர் சொன்ன திருத்தத்தைச் செய்துவிட வேண்டும் என்ற பதற்றம். மூன்றாம் முறைதான் எதிரில் நிற்பவர் சொல்வது உங்கள் காதில் விழத் தொடங்கும். ஆகவே மூன்று வாரமாவது ஒரே காட்சியில் நிற்க விடும் வகுப்பைத் தேடுங்கள்.

வகுப்பு வகைகளில் எல்லோருக்கும் முதலில் பரிந்துரைக்கத் தகுந்தது காட்சிப் பயிற்சி வகுப்பு. இரண்டு முதல் நான்கு பக்கக் காட்சி ஒன்றை இருவர் எடுத்துக்கொண்டு, வகுப்புக்கு வெளியே குறைந்தது இரண்டு ஒத்திகை பார்த்துவிட்டு வர வேண்டும். நல்ல ஆசிரியர் காட்சி முடிந்ததும் கேட்பது மூன்று விஷயங்களைத்தான்: எதிராளியிடமிருந்து உனக்கு என்ன வேண்டும், அது இப்போதே கிடைக்காவிட்டால் என்ன ஆகும், அதைப் பெற என்ன செய்கிறாய். மூன்றாவது கேள்விக்கான பதில் வினைச்சொல்லாக இருக்க வேண்டும். "கோபமாக இருக்கிறேன்" என்பதை வைத்துக்கொண்டு யாராலும் நடிக்க முடியாது. "அவரை மிரட்டுகிறேன்", "கெஞ்சுகிறேன்", "குற்ற உணர்ச்சியைத் தூண்டுகிறேன்" என்றால் உடலுக்கும் குரலுக்கும் உடனே வேலை கிடைத்துவிடுகிறது. அந்த வினைச்சொல் மாறும் இடங்களில் தாளில் ஒரு கோடு போட்டு வைத்தால் காட்சி துண்டு துண்டாகப் பிரிந்து கைக்கு அடக்கமாகும்.

இந்த வகுப்பு கெட்டுப்போவதும் ஆசிரியரால்தான். "இன்னும் அழு", "கண்ணில் வலி தெரியட்டும்" என்று விளைவை மட்டும் கேட்பவரிடம் மாணவர்கள் முகத்தை இறுக்கக் கற்றுக்கொள்கிறார்கள். தெரிந்தவர் சூழ்நிலையை மாற்றிவிடுவார். "பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது, அது எழுந்துவிடக் கூடாது, இப்போது இதே சண்டையைப் போடு" என்பார். குரல் தானாக அடங்கும், கோபம் பல் இடுக்கில் வரும். தானே நடித்துக்காட்டி, அதை அப்படியே செய்யச் சொல்கிற ஆசிரியரிடம் ஆறு மாதம் இருந்தால் அவருடைய சாயல்தான் மிஞ்சும்.

வசனத்தை மனப்பாடம் செய்யும் முறையைச் சொல்லித்தராத வகுப்புகள் நிறைய. ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல், தட்டையாக, சமையல் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொல்லிப் பார்க்க வேண்டும். மாடுலேஷனோடு சேர்த்து மனப்பாடம் செய்தவர் எதிரில் இருப்பவர் எப்படிப் பேசினாலும் வீட்டில் பழகிய ராகத்திலேயே பதில் சொல்வார். படப்பிடிப்பில் இயக்குநர் ஒரு மாற்றம் சொன்னால் அந்த ராகம் உடைந்து, கூடவே வசனமும் மறந்துவிடும்.

மைஸ்னர் முறை வகுப்புகள் பற்றிக் கருத்து இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. சான்ஃபோர்ட் மைஸ்னர் நியூயார்க்கின் நெய்பர்ஹுட் பிளேஹவுஸ் நடிப்புப் பள்ளியில் வளர்த்தெடுத்த முறை இது. இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் மற்றவரிடம் தான் காண்பதைச் சொல்கிறார்: "நீ கையைப் பிசைகிறாய்." மற்றவர் "நான் கையைப் பிசைகிறேன்" என்கிறார். இப்படியே திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருக்கும், எதிராளியிடம் ஏதாவது மாறும்வரை. மாறினால் வாக்கியமும் மாறும். வெளியிலிருந்து பார்த்தால் சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி தெரியும். ஆனால் தன்னைத்தானே கவனித்துக்கொண்டு நடிப்பவரை, அதாவது முகம் எப்படித் தெரிகிறது என்ற கவலையிலேயே இருப்பவரை, அதிலிருந்து வெளியே இழுக்க இதைவிட வேகமான மருந்து இல்லை. அடுத்த கட்டத்தில் ஒருவருக்குக் கடினமான, அவசரமான ஒரு கைவேலை தரப்படும். உடைந்த பீங்கானை ஒட்டுவது போல. அதைச் செய்தே தீர வேண்டிய காரணமும் அவரிடம் இருக்க வேண்டும். அப்போது மற்றவர் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வருவார்.

கவனிக்க வேண்டியது இரண்டு. சிலர் உண்மையாக இருப்பது என்றால் முரட்டுத்தனமாகப் பேசுவது என்று புரிந்துகொள்கிறார்கள். ஆசிரியர் அங்கேயே நிறுத்த வேண்டும். இன்னொன்று, மாதக்கணக்கில் இந்தத் திரும்பச் சொல்லுதலிலேயே நின்று, எழுதப்பட்ட வசனத்துக்கு வராத வகுப்பு பாதி வேலைதான் செய்கிறது. வேகமாகப் பேசும் காட்சி கையில் வந்ததும் அந்த மாணவர்கள் தடுமாறுவதற்குக் காரணம் அதுதான்.

"மெத்தட்" என்ற பலகையோடு நடக்கும் வகுப்புகளில் மிகவும் எச்சரிக்கை தேவை. உங்கள் வாழ்க்கையில் நடந்த துயரத்தை நினைவுகூர்ந்து அதை வைத்து அழுவது என்பதே பல இடங்களில் முழுப் பாடமும். இதன் வரலாறு தெரிந்தால் தெளிவு வரும். இப்படிச் சொந்த அனுபவத்தைத் திரும்ப அழைக்கும் உணர்ச்சி நினைவைத் தன் ஆரம்பகாலச் சோதனைகளில் ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி பயன்படுத்தினார். அமெரிக்க நடிப்பு ஆசிரியர் லீ ஸ்ட்ராஸ்பெர்க் அதை மையமாக வைத்துக் கற்பித்தார். 1934இல் அமெரிக்க நடிகை ஸ்டெல்லா ஆட்லர் பாரிஸில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியை நேரில் சந்தித்துப் பயிற்சி எடுத்துத் திரும்பியபோது, காட்சியின் சூழ்நிலையும் செயலும் கற்பனையும்தான் முதன்மை என்ற செய்தியோடு வந்தார். அதைப் பற்றி ஆட்லருக்கும் ஸ்ட்ராஸ்பெர்க்குக்கும் ஏற்பட்ட பிளவு கடைசிவரை தீரவில்லை. பின்னாளில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியே உடற்செயல்களிலிருந்து உணர்ச்சிக்குப் போகும் வழியைத்தான் வலியுறுத்தினார். உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதற்கு மெய்ப்பாடு என்று பெயர் வைத்த மொழிக்காரர்களுக்கு இது ஒன்றும் அந்நியமான எண்ணம் அல்ல.

நடைமுறைச் சிக்கல் இதுதான்: சொந்தத் துயரம் ஐந்தாவது டேக்கில் தேய்ந்துவிடும். எதிரில் இருப்பவரை விட்டுவிட்டு நடிகர் தன் நினைவுக்குள் போய்விடுவார். ஆறாத காயத்தைக் கிளறிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடும் ஆசிரியருக்கு அதைக் கையாளும் பயிற்சி பெரும்பாலும் இருப்பதில்லை. வகுப்பில் அழாதவரை உணர்ச்சி இல்லாதவர் என்று பேசும் இடத்தை விட்டு அன்றே வெளியேறுங்கள். தொடுதல், அடிதடி, நெருக்கமான காட்சி எதுவானாலும் எங்கே கை வைப்பது, எப்போது எடுப்பது என்பதை இருவரும் முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்ட பிறகே செய்ய வேண்டும். "அந்த நேரத்தில் தோன்றியதைச் செய்" என்பது இங்கே செல்லாது.

இம்ப்ரோவ், அதாவது எழுதிய வசனம் இல்லாமல் அந்தக் கணத்தில் தோன்றுவதை நடிக்கும் வகுப்பு, எட்டு வாரம் போதும். எதிராளி கொடுத்ததை ஏற்று அதன்மேல் ஒன்று சேர்ப்பது பழகிவிட்டால் விளம்பர ஆடிஷன்களில் கைகொடுக்கும். சிரிப்பு வாங்குவதே குறியாக மாறினால் அந்தக் குழுவிலிருந்து விலகிவிடுவது நல்லது.

குரல் பயிற்சியைப் பலர் தவிர்க்கிறார்கள். மைக் இருக்கிறதே என்ற எண்ணம். மைக் ஒலியைப் பெரிதாக்கித் தரும், தெளிவைத் தராது. தமிழில் நடிப்பவருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு: நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. "நான் அவன்கிட்ட அதைக் கேட்கவே இல்லை" என்பதில் முழுப் பொருளும் "இல்லை"யில் இருக்கிறது. மூச்சு முன்னாலேயே தீர்ந்து குரல் கடைசியில் விழுந்தால் கேட்பவருக்கு எதிர்ப்பொருள்தான் போய்ச் சேரும். வாக்கியத்தின் கடைசிச் சொல்வரை மூச்சை வைத்திருக்கப் பழக்குகிறவரே தமிழ் நடிகருக்கு ஏற்ற குரல் ஆசிரியர். தாடையைத் தளர்த்துவது, வயிறு விரியும்படி மூச்சிழுப்பது, ழகர ளகர வேறுபாட்டை வேகத்திலும் இழக்காமல் இருப்பது என்று தினம் 15 நிமிடம் செய்ய வீட்டுப்பாடம் தர வேண்டும். வாரம் ஒருமுறை வகுப்பில் மட்டும் செய்தால் பலன் கிடையாது. தொண்டை வலித்தால் நிறுத்திவிட வேண்டும். வலியைத் தாங்குவது இதில் பயிற்சியே அல்ல.

கேமரா வகுப்பில் உங்கள் பதிவை உங்களுக்கே போட்டுக்காட்டுகிறார்களா என்று பாருங்கள். காட்டாவிட்டால் அது கேமரா இருக்கும் அறையில் நடக்கும் மேடை வகுப்பு, அவ்வளவுதான். நிற்க வேண்டிய இடத்தைக் காட்டத் தரையில் போட்ட மார்க்கைக் குனிந்து பார்க்காமல் வந்து நிற்பது, எந்தச் சொல்லில் டம்ளரை எடுத்தோமோ ஒவ்வொரு டேக்கிலும் அதே சொல்லில் எடுப்பது, குளோசப்பில் எதிராளி வசனத்தின்மேல் நம் வசனம் ஏறாமல் சிறு இடைவெளி விடுவது ஆகியவை கற்றுத்தரப்பட வேண்டும். டம்ளர் எடுக்கும் சொல் மாறினால், வசனம் வசனத்தின்மேல் ஏறினால், எடிட்டர் உங்களுடைய மிகச் சிறந்த டேக்கையே விட்டுவிட நேரிடும். குளோசப்பில் எதிராளியின் இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்தால் உங்கள் விழி அலைபாய்வதாகத் திரையில் தெரியும். லென்ஸுக்கு அருகில் உள்ள ஒரு கண்ணை மட்டும் பார்ப்பது வழக்கம்.

ஏற்கெனவே தொழிலில் இருக்கும் நடிகர்கள் அடிப்படை வகுப்புக்குத் திரும்பிப் போவதைவிட, ஆடிஷன் வகுப்பில் சேர்வது அதிகப் பயன் தரும். வேலை செய்யும் நடிகரின் வாரத்தில் படப்பிடிப்பைவிட ஆடிஷன்தான் அதிகம். அதற்கான தசை சீக்கிரம் தளர்ந்துவிடும். நல்ல ஆடிஷன் வகுப்பில் காட்சியின் வசனப் பக்கங்களைக் கையில் கொடுத்து 20 நிமிடத்தில் நடிக்கச் சொல்வார்கள். முழு மனப்பாடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. தாளை நெஞ்சு உயரத்தில் பிடித்து, கட்டைவிரலை அடுத்த வரியில் வைத்துக்கொண்டு, எதிராளி பேசும்போது தாளைப் பார்க்காமல் அவரைப் பார்ப்பதுதான் பழக வேண்டியது. தவறு எங்கே நடக்கிறது தெரியுமா? தன் வரி முடிந்ததும் கண் தாளுக்குப் போய்விடுகிறது. கேட்கும் முகம் அங்கே காணாமல் போகிறது, தேர்வாளர் பார்க்க விரும்புவதோ அந்த முகத்தைத்தான்.

செல்ஃப் டேப், அதாவது ஆடிஷனுக்காக வீட்டிலேயே நடித்துப் பதிவுசெய்து அனுப்பும் வீடியோ, சொல்லித்தரும் பகுதியும் அதில் இருக்க வேண்டும். வேறு அளவு கேட்கப்படாவிட்டால் போனைக் கிடைமட்டமாக, கண் உயரத்தில் ஸ்டாண்டில் வைத்து, நெஞ்சு முதல் தலைக்கு மேல் சிறு இடம் வரை ஃபிரேம். பின்னால் வெற்றுச் சுவர், நிழல் விழாதபடி சுவரிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி நில்லுங்கள். வசனம் படித்துக்கொடுப்பவர் லென்ஸை ஒட்டி நிற்க வேண்டும்; அவர் குரல் உங்கள் குரலைவிடத் தாழ்ந்து ஒலிக்க வேண்டும். மைக்குக்கு அருகில் அவர் உரக்கப் படித்து, நடிகர் பின்னணியில் ஒலிக்கும் டேப்கள் நிறைய. இரண்டு டேக் அனுப்புவதானால் இரண்டும் வேறு வேறு வினைச்சொல்லில் இருக்கட்டும்.

வார இறுதிப் பட்டறைகள், கடைசி நாளில் பிரபல இயக்குநர் முன் நடித்துக்காட்டும் நிகழ்ச்சி, சான்றிதழ் என்று விளம்பரப்படுத்துபவை பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சான்றிதழைக் காட்டச் சொல்லி எந்த ஆடிஷனிலும் கேட்பதில்லை. பணம் கட்டினால் வாய்ப்பு நிச்சயம் என்று எவர் சொன்னாலும் அது வகுப்பு அல்ல, வலை. அவர்களிடமே போட்டோவும் எடுத்தாக வேண்டும் என்று வற்புறுத்தினாலும் அதே கதைதான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் வகுப்பில் சேர்வதே தனக்கு இதில் உண்மையான வேட்கை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். கைதட்டல் கிடைத்த அன்று எல்லோருக்கும் இருக்கிறது என்றுதான் தோன்றும். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். மூன்று மாதம் முடிந்ததும் இவற்றைப் பாருங்கள்: அடுத்த ஜோடிக்குத் திருத்தம் சொல்லும்போது போனை எடுக்கிறீர்களா, கவனிக்கிறீர்களா? ஒத்திகைக்கு நாள் குறிக்க நீங்கள் முதலில் பேசுகிறீர்களா, எதிராளி துரத்த வேண்டியிருக்கிறதா? மூன்றாம் முறையாக அதே காட்சியைச் செய்யும்போது புதிதாக ஏதாவது கண்ணில் படுகிறதா? இல்லை என்று பதில் வந்தால் உடனே உங்களைச் சந்தேகிக்க வேண்டாம். காட்சியை மாற்றிக் கேளுங்கள், எதிராளியை மாற்றிக் கேளுங்கள், மேடையிலிருந்து கேமராவுக்கோ கேமராவிலிருந்து குரல் நடிப்புக்கோ மாறிப் பாருங்கள். திரையில் விறைத்துப்போகிறவர் டப்பிங் அறையில் மலர்வது உண்டு.

சேர்வதற்கு முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பார்க்கும்போது ஆசிரியரை விட்டுவிட்டு மாணவர்களைக் கவனியுங்கள். ஒரே காட்சியைத் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் பார்க்கும்போது உங்களுக்கே வித்தியாசம் தெரிய வேண்டும். எல்லா மாணவர்களும் ஒரே மாதிரி பேசினால், ஒரே மாதிரி மூச்சை இழுத்துவிட்டு அழத் தொடங்கினால், முன்பணத்தைக் கட்டாமல் வந்துவிடுங்கள். பார்க்கவே விடாத இடத்தில் மாதக் கட்டணம் மட்டும் கட்டுங்கள், வருடத்துக்கு மொத்தமாகக் கட்ட வேண்டாம்.