சால்டரிங் மேசைக்கு எந்தப் பிடிப்பான்? ஓர் ஒப்பீட்டு அலசல்

மின்பாகங்களை உருக்கிய உலோகக் கலவையால் பற்றவைக்கும் சால்டரிங் வேலையில், சூடான அயர்னை ஒரு கை பிடித்திருக்கிறது, உருக வேண்டிய சால்டர் கம்பியை மறு கை நீட்டுகிறது. சர்க்யூட் போர்டையும் அதில் நிற்க வேண்டிய உதிரிப்பாகத்தையும் பிடித்துக்கொள்ள வேறொன்று தேவைப்படுகிறது. இதற்கென விற்கப்படும் கருவிகள் பல பெயர்களில் வந்தாலும், அவற்றைப் பெரும்பாலும் நான்கு வகைகளுக்குள் அடக்கிவிடலாம்: முதலை கிளிப் பொருத்திய கைகள் கொண்ட தாங்கி, சுழலும் தலை கொண்ட சிறு வைஸ் (திருகி இறுக்கும் தாடைப் பிடிப்பான்), போர்டை இரு விளிம்புகளில் பற்றிக் கவிழ்க்க உதவும் சட்டம், மேசையோடு ஒட்டிக் கிடக்கும் தாழ்வான பிடிப்பான். இவற்றுள் எது சிறந்தது என்று பொதுப்படக் கேட்டால் விடை கிடைக்காது. உங்கள் மேசைக்கு அதிகம் வருவது வயரா போர்டா, போர்டு என்றால் அதில் இருப்பவை த்ரூ ஹோல் பாகங்களா (துளைகளில் கால்களைச் செருகுபவை) எஸ்எம்டி பாகங்களா (போர்டின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கும் சிறு பாகங்கள்) என்பதைப் பொறுத்தே விடை மாறும்.

எந்தப் பிடிப்பானையும் எடைபோட நான் முதலில் பார்ப்பது, அயர்னை எடுத்த பிறகு சால்டர் உறையும் அந்த ஓரிரு நொடிகளில் அது அசையாமல் நிற்கிறதா என்பதைத்தான். 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு காரீயமும் கலந்த சால்டர் 183 டிகிரி செல்சியஸில் திரவ நிலையிலிருந்து நேரே திடமாகிவிடுகிறது. பரவலாகப் புழங்கும் 60/40 கலவையோ ஏறத்தாழ 190 டிகிரியில் உறையத் தொடங்கி 183 டிகிரியில்தான் முழுவதும் உறைகிறது. இடையில் வரும் அந்தக் குழைந்த நிலையில் வயர் இம்மியளவு நகர்ந்தாலும் இணைப்பின் மேற்பரப்பு மங்கிச் சொரசொரப்பாகிவிடும், அதன் வலுவும் குறையும். காரீயம் சேராத சால்டர் இயல்பாகவே சற்று மங்கலாக உறைவதால், அசைவினால் கெட்ட இணைப்பைக் கண்ணால் மட்டும் பிரித்தறிவது அதில் இன்னும் கடினம். ஆகவே எத்தனை கைகள், எத்தனை மூட்டுகள் என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட, அயர்ன் முனையால் மெல்ல அழுத்தி எடுக்கும்போது பிடிப்பான் ஊசலாடுகிறதா என்று பார்ப்பதே பயன் தரும்.

அடுத்தது உயரம். இதை விளம்பரங்கள் சொல்வதே இல்லை. நுண்ணிய வேலையில் கையின் நடுக்கத்தை அடக்குவது மேசையில் ஊன்றியிருக்கும் மணிக்கட்டுதான். பிடிப்பான் போர்டை மேசையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்தினால், இரண்டு கைகளும் அந்தரத்தில் நின்று வேலை செய்ய நேரிடும். கருவி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் கை ஆடும்.

இந்த இரண்டு அளவுகோல்களிலும் மிகவும் பின்தங்குவது, பலரும் முதலில் வாங்கும் ‘மூன்றாவது கை’தான். வார்ப்பிரும்பு அடி, அதன்மேல் ஒரு குறுக்குக் கம்பி, இரு முனைகளில் முதலை கிளிப்புகள், நடுவில் ஓர் உருப்பெருக்கி லென்ஸ் என்ற அமைப்பு அது. மூட்டுகளைச் சரியான கோணத்தில் வைத்துத் திருகை இறுக்கும்போதே கோணம் மாறிவிடுகிறது. சில வாரங்கள் புழங்கினால் திருகுகள் தளர்ந்து, போர்டின் எடையிலேயே கிளிப் தலைகுனிகிறது. கூடவே வரும் லென்ஸைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. கழற்றி வைத்தால் தலைப்பாரமாவது குறையும்.

ஆனாலும் வயரோடு வயரை இணைக்கும் வேலையில் இந்தக் கிளிப்புகளுக்கு நிகரானது குறைவு. முனைகளை எதிரெதிரே பிடித்து, முறுக்கி, சூடேற்றுவதற்கு வாகாக நிறுத்த வேறு எந்த வகையாலும் இவ்வளவு எளிதில் முடியாது. கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: கிளிப் உலோகம் என்பதால் வெப்பத்தை உறிஞ்சும். இணைப்புக்கு மிக அருகில் கவ்வினால் சால்டர் சரியாக ஓடாமல் உருண்டு நிற்கும், எனவே ஒரு விரற்கடையாவது தள்ளிக் கவ்வ வேண்டும். அதே குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்தவும் செய்யலாம். இணைப்புக்கும் எளிதில் உருகும் இன்சுலேஷனுக்கும் நடுவே ஒரு கிளிப்பை மாட்டினால், வெப்பம் உறையை எட்டுமுன் அது வாங்கிக்கொள்ளும். பற்கள் வயரின் மேலுறையைக் கடிக்காமலிருக்க, கிளிப்பின் தாடைகளில் சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சுருக்கி மாட்டுவது பழைய உத்தி, இன்றும் நல்ல உத்தி.

பந்து மூட்டுகளுக்குப் பதிலாக வளையும் கைகளைக் கொண்ட புதிய தாங்கிகள், குறிப்பாகக் கனத்த எஃகுத் தட்டில் காந்த அடியோடு நிற்பவை, பழைய வகையைவிடப் பல மடங்கு மேல். கையை நகர்த்தி விட்ட இடத்தில் அது நிற்கும், திருகை இறுக்கும் வேலையும் இல்லை. இருந்தாலும் நீளமான கை தூண்டில் கோலைப் போலத் துள்ளும் என்பதால், நீளத்தைப் பார்த்து மயங்காமல் குட்டையான கைகள் உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

சுழலும் தலை கொண்ட வைஸ் வகையில் பானாவைஸ் ஜூனியர் பரவலாக அறியப்பட்டது. தலையைச் சாய்ப்பது, திருப்புவது, சுழற்றுவது ஆகிய மூன்று அசைவுகளையும் ஒரே குமிழ் இறுக்குகிறது. தாடைகள் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் வரை திறக்கின்றன. கனெக்டர், சுவிட்ச், சிறு போர்டு போன்றவற்றை எந்தக் கோணத்திலும் கெட்டியாக நிறுத்த இதுவே சரியான கருவி. அடியை மேசையிலோ கனமான பலகையிலோ திருகினால்தான் அதன் முழுப் பயனும் கிடைக்கும். உயரம் அதன் முதல் குறை. இரண்டாவது குறை, திருகித் தரும் அழுத்தம் எவ்வளவு என்று விரலுக்குத் தெரியாமல் போவது. வழக்கமான 1.6 மில்லிமீட்டர் போர்டு விளிம்புகளில் அழுத்தப்படும்போது வில்லாக வளையும். அதில் முன்பே பற்றவைத்த செராமிக் மின்தேக்கிகள் இருந்தால், அந்த வளைவே அவற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசலை உண்டாக்கப் போதுமானது. அத்தகைய விரிசல் அன்றைக்கே வெளிப்படாமல், பின்னாளில் ஷார்ட்டாக முடியக்கூடும்.

இந்த இடரை ஸ்பிரிங் தாடை உள்ள சட்டங்கள் பெரிதும் தவிர்க்கின்றன, ஏனெனில் அழுத்தத்தைத் தீர்மானிப்பது கையல்ல, ஸ்பிரிங். தாடைகளில் உள்ள பள்ளத்தில் போர்டின் விளிம்பை நுழைத்து, பாகங்களைச் செருகி, அப்படியே கவிழ்த்து மறுபுறம் சால்டர் செய்யலாம். த்ரூ ஹோல் கிட்டுகளை அடுக்கடுக்காகச் செய்பவருக்கு இது பெரிய வசதி. கவிழ்க்கும்போது பாகங்கள் கீழே விழும் என்பதுதான் குறை. கால்களைச் சற்றே விரித்து மடக்கலாம், அல்லது ஒரு ஸ்பாஞ்சுத் துண்டைப் பாகங்களின் மேல் வைத்துப் பிடித்தபடி கவிழ்க்கலாம். ரெசிஸ்டர், ஐசி (மின்னணுச் சில்லு) சாக்கெட், உயரமான மின்தேக்கி என்று தாழ்வானவற்றிலிருந்து மேலேறினால் பாதித் தொல்லை தானாகவே குறைகிறது.

எஸ்எம்டி வேலைக்கு வந்தால் கணக்கே வேறு. அங்கே போர்டு சாயக் கூடாது, உயரக் கூடாது, கவிழ வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. ஸ்டிக்வைஸ் போன்ற தாழ்வான பிடிப்பான்கள் இதற்காகவே அமைந்தவை: இணையான தண்டுகளில் நகரும் இரு தாடைகள், அவற்றில் மாற்றத்தக்க மெல்லிய தகடுகள், அவ்வளவுதான். உள்ளங்கையின் ஓரம் மேசையில் ஊன்றியிருக்க, முழுப் பிடிப்பானையும் மறுகையால் திருப்பி வசதியான பக்கத்தைக் காட்டிக்கொள்ளலாம். ஐசியின் நான்கு பக்கக் கால்களையும் அயர்ன் முனையை இழுத்தபடி பற்றவைக்கும்போது இந்தத் திருப்பல் எவ்வளவு உதவுகிறது என்பது செய்பவருக்கே தெரியும். தண்டுகளுக்கும் மேசைக்கும் இடையே இடம் குறைவு என்பதால், கீழ்ப்புறம் உயரமான பாகங்கள் நிற்கும் போர்டுக்கு இது ஒத்துவராது.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்பவருக்கு, போர்டு வேலை அதிகமென்றால் தாழ்வான பிடிப்பானையும், வயர் வேலை அதிகமென்றால் காந்த அடி உள்ள குட்டைக் கைகளையும் நான் பரிந்துரைப்பேன். வைஸ் இரண்டாவதாக வரட்டும். கவிழ்க்கும் சட்டம் கிட்டுகளை விரும்புபவருக்கு மட்டுமே முதல் தேர்வு.

முப்பரிமாண அச்சில் தாடைகளைத் தாமே செய்துகொள்ள நினைப்பவர்கள், பிஎல்ஏ பிளாஸ்டிக் ஏறத்தாழ 60 டிகிரியிலேயே இளகத் தொடங்குவதை நினைவில் கொள்ள வேண்டும். அயர்ன் முனை 350 டிகிரியை ஒட்டி இருக்கும்போது, ஹாட் ஏர் கருவியின் சூடான காற்று அருகே வீசும்போது, அத்தகைய தாடை நிலைக்காது. ஒட்டும் களிமண் வகைகளும் சூட்டில் இளகிப் போர்டில் பிசுக்கை விடும், ஆனால் பாலிஇமைடு டேப் தாங்கும்.

சில வேலைகளுக்குப் பிடிப்பானே தேவையில்லை. சிறு மாட்யூலுக்கு ‘பின் ஹெடர்’ எனப்படும் உலோகப் பின் வரிசையைப் பற்றவைக்க, பின்களைப் பிரெட்போர்டில் (துளைகள் நிறைந்த சோதனைப் பலகையில்) செருகி அதன்மேல் மாட்யூலை வைத்தால் அவை நேராகவும் இணையாகவும் நிற்கும். நல்ல பிரெட்போர்டைக் கெடுக்காமல், சூட்டில் இளகினாலும் வருத்தமில்லாத பழையதை இதற்கென ஒதுக்குவது மேல். பிளாஸ்டிக் உடல் கொண்ட கனெக்டரில் வயரைப் பற்றவைக்கும்போது அதன் இணையை முன்கூட்டியே செருகி வைத்தால், உடல் சூட்டில் இளகினாலும் பின்கள் இடம்பெயராது.