டா நாங் போகிறீர்களா? மீன் தொட்டி வைத்த கடைகளில் கவனம்

திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு நேரடி விமானம் விட்டதிலிருந்து நம்ம ஆட்கள் வியட்நாம் போவது கூடிவிட்டது. அப்படியே உள்நாட்டு விமானம் பிடித்து டா நாங் போகிறவர்களும் நிறைய. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மி கே கடற்கரைப் பக்கம் ஒரு கடல் உணவுக் கடையில், இரண்டு பேர் சாப்பிட்ட ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 30 லட்சத்து 80 ஆயிரம் டாங் (வியட்நாம் பணம்) வாங்கிவிட்டார்கள். ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங் என்று போட்டால் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் வருகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஊர்த் தெருக்கடைகள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. முழங்கால் உயரப் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து சாப்பிட்ட மீ குவாங் இன்னும் நாக்கில் இருக்கிறது. மஞ்சள் போட்ட அகலமான அரிசி நூடுல்ஸ், அடியில் கொஞ்சமாகக் குழம்பு, மேலே இறால், காடை முட்டை, வறுத்த வேர்க்கடலை. பக்கத்தில் ஒரு கூடை கீரையும் மெல்லிசாகச் சீவிய பச்சை வாழைப்பூவும். எள் தூவிய அரிசி அப்பளத்தை உடைத்துப் போட்டுச் சாப்பிட வேண்டும். கிண்ணம் 40 ஆயிரம் டாங். பலகையில் எழுதியிருந்த விலையைத்தான் அந்த அம்மா வாங்கினார், ஒரு டாங் கூடுதலாக இல்லை. கோன் சந்தைக்குள்ளும் அப்படித்தான். மீன் வடை போட்ட நூடுல்ஸ் சூப்பு, அரிசி மாவில் மொறுமொறுவென்று வார்த்த பான் ஸெயோ எல்லாமே நியாயமான விலை. (பான் ஸெயோவுக்குத் தரும் கெட்டிச் சாஸில் பன்றி ஈரல் சேர்ப்பது அங்கே வழக்கம். பன்றி சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.)

வினை சனிக்கிழமை இரவு வந்தது. டிராகன் வடிவில் கட்டிய டிராகன் பாலம் ஒன்பது மணிக்குத் தீ கக்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கூட்டத்தில் கார் கிடைக்கவில்லை. தெருவில் நின்ற ஒரு கார்க்காரர் வந்தார். விடுதியில் சொல்லியனுப்பிய கடையின் பெயரைக் காட்டினோம். "அதை மூடிவிட்டார்கள், நான் நல்ல இடம் காட்டுகிறேன்" என்று வேறொரு கடை வாசலில் இறக்கிவிட்டார். இறங்கியதும் கடைக்காரப் பையன் அவரிடம் தனியாகப் போய் ஏதோ கொடுத்ததை என் மனைவி பார்த்துவிட்டாள். "இங்க வேணாங்க" என்று சொன்னாள். மணி பத்தாகப் போகிறது, பசி வேறு. உட்கார்ந்தோம்.

வாசல் முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள், உள்ளே உயிருள்ள இறால், மீன், மட்டி. எதன் மேலும் விலை அட்டை இல்லை. மெனுவில் சோறுக்கும் பீருக்கும் விலை உண்டு, கடல் உணவுப் பக்கம் மட்டும் வெறுமை. இறால் எவ்வளவு என்றதற்குப் பையன் கால்குலேட்டரில் 120 என்று தட்டிக் காட்டினான். அங்கே கடைசி மூன்று பூஜ்ஜியங்களைச் சொல்லாமல் விடுவது வழக்கம், ஆக 1,20,000 டாங். கிலோவுக்கா என்று கேட்டதற்குத் தலையை நன்றாக ஆட்டினான். பில் வந்தபோதுதான் அது 100 கிராம் விலை என்று தெரிந்தது. அதாவது கிலோ 12 லட்சம்.

எடை போட்ட விதம் அதைவிட அழகு. பிளாஸ்டிக் கூடையோடு தண்ணீர் சொட்டச் சொட்டத் தராசில் வைத்தான். முள் நிற்பதற்குள் எடுத்துச் சமையலறைக்கு ஓடிவிட்டான். பில்லில் 1,3 என்று இருந்தது. அவர்கள் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவார்கள், ஒன்று புள்ளி மூன்று கிலோ என்று அர்த்தம். தட்டில் வந்தது நடுத்தர இறால் பதினொன்று. அது எப்படி ஒன்றேகால் கிலோவுக்கு மேல் ஆகும்? கேட்டால் "வெந்தால் சுருங்கும்" என்கிறான். ஓடும் தலையும்கூடவா சுருங்கும்!

இறால் மட்டும் 15,60,000. மீனுக்கு 10,80,000, எலுமிச்சைப் புல் போட்டு வேகவைத்த மட்டிக்கு 2,40,000, சோறு தண்ணீர் வகையறா 2,00,000. நாங்கள் கேட்காமலே வைத்த வேர்க்கடலையும் இந்த வகையறாவுக்குள் இருந்தது. ஈரத் துண்டுக்குக் காசு போடுவதை மட்டும் குற்றமாகச் சொல்ல மாட்டேன். நல்ல கடைகளிலும் அதற்கு இரண்டாயிரம் மூவாயிரம் டாங் போடுவார்கள். துண்டின் உறையைப் பிரிக்காவிட்டால் போட மாட்டார்கள்.

சண்டை போட்டும் பில் குறையவில்லை. சரி என்று ஐந்து லட்சம் டாங் நோட்டாக ஏழு நோட்டுகளை மேசையில் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தாள் மனைவி. கல்லாவுக்குப் போன பையன் ஒரு 20,000 நோட்டோடு திரும்பி வந்தான். "இதைத் தவறாகக் கொடுத்துவிட்டீர்கள், இன்னொரு ஐந்து லட்சம் வேண்டும்" என்றான். இரண்டு நோட்டும் நீலம், இரண்டிலும் ஹோ சி மின் படம். கல்லாவுக்கு மேலே இருந்த கேமராவைக் காட்டி, "அதைப் போட்டுக் காட்டு, அப்புறம் பேசலாம்" என்றேன். உள்ளே போய் வந்தவன் பேச்சை விட்டுவிட்டு மீதி 4,20,000 டாங்கைக் கொண்டுவந்து வைத்தான்.

மறுநாள் விடுதியில் பில்லைக் காட்டினேன். விலையை எழுதி வைக்காமல் விற்பதே அங்கே சட்டப்படி தவறு என்றார் வரவேற்பில் இருந்த பெண். அவர் சொன்ன கடைக்கும் போய்ப் பார்த்தோம். மூடவே இல்லை. ஒவ்வொரு தொட்டியிலும் கிலோ விலை அட்டை, எடையைக் கண் முன்னே காட்டி எழுதித் தந்தார்கள்.

ஆகவே, தொட்டி மேல் விலை இல்லாத கடையில் உட்காராதீர்கள். கிலோவுக்கா, 100 கிராமுக்கா என்பதைத் தாளில் எழுதி வாங்கி, தராசையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தெருக் காரை விட்டுவிட்டு கிராப் செயலியில் வண்டி போடுங்கள். ஐந்து லட்சம் நோட்டுகளும் இருபதாயிரம் நோட்டுகளும் ஒரே பையில் இருக்கவே வேண்டாம்.