கொச்சி பினாலே: மூத்தோர் மன்றத்துடன் ஒரு நாள்

எங்கள் குடியிருப்பின் மூத்தோர் மன்றத்தைச் சேர்ந்த 14 பேர் கோவையிலிருந்து ரயிலில் எர்ணாகுளம் சென்று, அங்கிருந்து படகில் ஃபோர்ட் கொச்சியை அடைந்து, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் கொச்சி-முசிறி பினாலேயின் மூன்றாம் பதிப்பைக் கண்டு திரும்பினோம். கலைஞர் சுதர்சன் ஷெட்டியின் பொறுப்பில் 2016 டிசம்பர் 12 அன்று தொடங்கிய இக்கலைக் கண்காட்சி 2017 மார்ச் 29 வரை நடைபெற்றது. 'நவீனக் கலையெல்லாம் நமக்கு எங்கே புரியப்போகிறது' என்று வீட்டிலேயே தங்கிவிட்ட எங்கள் நண்பர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

பினாலேயின் முதன்மை அரங்கான ஆஸ்பின்வால் மாளிகையின் பழைய கிடங்கு ஒன்றில், சிலி நாட்டுக் கவிஞர் ரவூல் சூரிதா 'வலியின் கடல்' என்ற படைப்பை அமைத்திருந்தார். கிடங்கு முழுவதும் தண்ணீர். அதில் இறங்கி நடந்தால்தான் சுவரில் இருந்த வரிகளைப் படிக்க முடிந்தது. கேட்கவில்லையா, பார்க்கவில்லையா என்று அவை நம்மையே கேட்டன. 2015இல் துருக்கிக் கரையில் இறந்து ஒதுங்கிய சிரிய அகதிக் குழந்தை ஆலன் குர்தியின் படத்தை உலகமே பார்த்தது; அவனுடன் மூழ்கிய அண்ணன் காலிப்புக்கு அப்படி ஒரு படம்கூட இல்லை. அந்தக் காலிப்புக்காகவே இக்கடல். எங்களில் மூத்தவரான 78 வயது ஆசிரியர் வேட்டியை மடித்துக் கட்டி, என் தோளைப் பற்றியபடி, ஒவ்வோர் அடியாகக் காலால் துழாவி எதிர்ச்சுவர் வரை வந்தார். அங்கிருந்த வரிகளை இருமுறை படித்தவர், "கொஞ்சம் நிற்கலாம் சார்" என்றார். கால் விறைக்கும் வரை நின்றோம். அவருக்கு விளக்கவுரை எதுவும் தேவைப்படவில்லை.

முற்றத்தில் ஸ்லோவேனியக் கவிஞர் அலேஷ் ஷ்டெகர் எழுப்பிய, சாணமும் மண்ணும் பூசிய பிரமிடு நின்றது. உள்ளே கும்மிருட்டு, நாடு கடத்தப்பட்ட கவிஞர்களின் கவிதைகள் மட்டும் குரல்களாக ஒலித்தன. சாணம் மெழுகிய வீடுகளில் பிறந்த எங்களுக்கு அந்த வாசனை மிக நெருக்கமானது. அதே வாசனைக்குள் ஊரை இழந்தவர்களின் குரலைக் கேட்டதுதான் மனத்தை உலுக்கியது. பார்வை மங்கியவர்கள் கட்டாயம் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டே செல்ல வேண்டியிருந்தது.

எங்களுக்கு ஏற்பட்ட ஒரே மனக்குறை, பயணத்தை ஏற்பாடு செய்த முகவர் இதற்கு இரண்டு மணி நேரம் மட்டுமே ஒதுக்கியதுதான். மூத்தோரை அழைத்துச் சென்றதால் முழு நாளையும் ஆஸ்பின்வால் மாளிகைக்கே ஒதுக்கியிருக்க வேண்டும். மற்ற அரங்குகளை விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஆளுக்கொரு துண்டும், வழுக்காத செருப்பும், ஊன்றுகோலும் அவசியமாக இருந்தன. முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட அம்மா ஒருவர் தண்ணீரில் இறங்காமல் வாசலிலேயே நாற்காலியில் அமர்ந்துவிட்டார். ஆசிரியர் ஈரக் கால்களோடு திரும்பி வந்து, சுவரில் படித்ததை அவருக்கு ஒரு வரி விடாமல் சொன்னார்.