எட்டாம் நம்பர் கைமா மெஷின்: கோழி உருண்டைக்காக வாங்கலாமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாளும் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் மீன் விலை ஏறிவிடும். நாட்டுப்படகு மீன் வரத்தான் செய்யும், ஆனால் அது எல்லார் கைக்கும் எட்டாது. கூட்டம் கோழிக்கடைப் பக்கம் திரும்பும். குழம்பும் வறுவலும் மாறி மாறிச் சலித்த வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தக்காளி சாஸில் வெந்த கோழி உருண்டை நல்ல மாற்று. அதற்குக் கைமா வேண்டும். கைமாவுக்கு ஒரு மெஷின் வாங்கத்தான் வேண்டுமா என்பதுதான் கேள்வி.

இங்கே பார்க்கப்போவது மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டுக் கையால் சுற்றும், வெள்ளீயம் பூசிய வார்ப்பிரும்பு மெஷின். எட்டாம் நம்பர். நம்பர் என்பது ஓட்டைத் தட்டின் அளவைக் குறிக்கும். 5-க்குத் தட்டு ஏறக்குறைய 54 மில்லிமீட்டர், 8-க்கு 62, 10-க்கும் 12-க்கும் 70. வீட்டுக்கு 8 போதும். 5 வாங்கினால் கறியை மிகச் சின்னதாக நறுக்கிப் போட வேண்டியிருக்கும். 22, 32 எல்லாம் போல்ட் போட்டு இறுக்குகிற கடைச் சரக்கு. பெரும்பாலும் ஒரே பிராண்டாக இருக்காது, ஒரே அச்சில் வார்த்துப் பல பெயரில் விற்பார்கள். அதனால் பெயரை விட்டுவிட்டு வேலைப்பாட்டைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

உள்ளே அதிகம் ஒன்றுமில்லை: கறி போடும் வாய், அதைத் தள்ளிக்கொண்டு போகும் திருகு, நாலு கை உள்ள கத்தி, ஓட்டைத் தட்டு, எல்லாவற்றையும் இறுக்கும் மரை வளையம், கைப்பிடி. இதில் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது கத்தியில். கத்தியின் ஒரு பக்கம் தட்டையாக, கூராக இருக்கும், மறுபக்கம் வளைந்திருக்கும். தட்டைப் பக்கம் ஓட்டைத் தட்டோடு உரச வேண்டும். திருப்பிப் போட்டால் கறி அறுபடாது, நசுங்கும். மெஷினே மட்டம் என்று திட்டித் தீர்ப்பவர்களில் பலருடைய பிரச்சினை இவ்வளவுதான். தட்டின் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், அது உடலில் உள்ள முளையில் உட்கார வேண்டும். வளையத்தைக் கையால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறுக்கினால் சரி. ஸ்பேனர் போட்டு முறுக்கினால் இரும்பும் இரும்பும் தேய்ந்து கறுப்புத் தூள் கைமாவில் கலக்கும்.

கிளாம்ப்தான் இந்த மெஷினின் பெரிய குறை. இப்போது கட்டுகிற வீடுகளில் கிரானைட் மேடை அதைத் தாங்கும் அடிச்சுவரை விட்டு ஒரு அங்குலம்தான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், விளிம்பையும் உருட்டி மெருகேற்றியிருப்பார்கள். அதில் கிளாம்ப் பிடிக்காது. பிடித்தாலும் சுற்றும்போது வழுக்கும். மரப் பெஞ்சோ கனமான மேசையோ இருந்தால்தான் இந்த மெஷின் நிற்கும். மரத்துக்கும் கிளாம்புக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை மடித்து வைத்தால் அசையாது, மரத்திலும் தழும்பு விழாது. அடியில் ரப்பர் கப் வைத்து ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் மெஷின் வழவழப்பான டைல்ஸில் மட்டும் பிடிக்கும். அதன் உடம்பு வளைந்து கொடுப்பதால் கத்தி தட்டோடு சேர்ந்து உட்காராது. காசுக்குக் கேடு.

சரி, மிக்ஸி இருக்கும்போது இது எதற்கு? மிக்ஸி கத்தி அறுப்பதோடு நிற்காமல் கறியைச் சூடாக்கி அரைத்துவிடும். அடியில் விழுது, மேலே துண்டு என்று இரண்டுங்கெட்டானாக வரும். விழுதான கோழி வெந்ததும் ரப்பர்தான். மெஷினில் 5 மில்லிமீட்டர் ஓட்டைத் தட்டு போட்டு ஒரே ஒரு தடவை விட்டால் கறி சின்னச் சின்னக் குருணையாக விழும், கடிக்கும்போது கறி என்று தெரியும். கோழிக்கு இரண்டாவது தடவை விடவே கூடாது. கடைக்காரரிடம் கொத்தித் தரச் சொல்லலாம்தான், ஆனால் மற்றக் கோழி வெட்டிய அதே கட்டை, எலும்புச் சில்லு வரும். உருண்டையில் எலும்புச் சில்லு பல்லில் படுவதைப் போல எரிச்சலானது வேறில்லை.

கறியில் நெஞ்சுக்கறி வேண்டாம், தொடைக்கறி வாங்குங்கள். நெஞ்சில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால் உருண்டை வறண்டுவிடும். கால் பீஸ் ஒரு கிலோ வாங்கினால் எலும்பு நீக்கி 600 கிராமை ஒட்டித் தேறும். கணுக்கால் பக்கம் வெள்ளையாக ஓடும் நரம்பைக் கண்டிப்பாக உருவி எடுத்துவிட வேண்டும், அதுதான் கத்தியில் சுற்றிக்கொண்டு மெஷினை நிறுத்தும். ஒரு அங்குலத் துண்டாக நறுக்கித் தட்டில் பரப்பி, ஃப்ரீஸரில் அரை மணி நேரத்துக்குமேல், ஓரம் விறைக்கும் வரை வையுங்கள். மெஷினின் திருகு, கத்தி, ஓட்டைத் தட்டு மூன்றும் கூடவே உள்ளே போகட்டும். வெக்கைக் காலத்தில் இந்த வேலையை விட்டால் கொழுப்பு இளகி, குருணைக்குப் பதில் களிதான் வரும். சுற்றும்போது கைப்பிடி திடீரென்று கனத்தாலோ ஓட்டை வழியாக விழுது வந்தாலோ அழுத்தாதீர்கள். வளையத்தைக் கழற்றி, கத்தியில் சுற்றிய நரம்பை எடுத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். கறியை வாய்க்குள் தள்ள விரல் வேண்டாம், மரக்கட்டை போதும். கடைசியில் ஒரு ரொட்டித் துண்டைப் போட்டுச் சுற்றினால் உள்ளே தங்கிய கறி முழுக்க வெளியே வந்துவிடும். ரொட்டி எப்படியும் உருண்டைக்குத் தேவைப்படும்.

500 கிராம் கைமாவுக்குத் தூள் உப்பு 7 கிராம், அதாவது தலைதட்டிய ஒன்றேகால் டீஸ்பூன். கல் உப்பு என்றால் பொடித்து அளக்கவும். முதலில் உப்பை மட்டும் கறியில் போட்டுக் கையால் ஒரு நிமிடம் பிசையுங்கள். உள்ளங்கையில் கொஞ்சம் அப்பிக் கையைக் கவிழ்த்தால் விழாமல் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதுவரை வேறு எதையும் சேர்க்கக் கூடாது, உருண்டையைப் பிடித்து நிறுத்துவது இந்தப் பசைதான். பிறகு 2 ரொட்டித் துண்டை 4 மேசைக்கரண்டி பாலில் ஊறவைத்துப் பிசைந்தது, பொடியாக நறுக்கிப் பிழிந்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு 4 பல் நசுக்கியது, இஞ்சி அரை டீஸ்பூன், மிளகுத்தூள் ஒரு டீஸ்பூன், சோம்புத்தூள் அரை டீஸ்பூன், மல்லித்தழை. கலந்ததும் நிறுத்திவிடுங்கள். ரொட்டிக்குப் பதில் பொட்டுக்கடலை மாவு 3 மேசைக்கரண்டி போட்டால் நம் கோலா உருண்டை மணம் வரும், ஆனால் கொஞ்சம் இறுக்கம். சாஸில் ஊறுகிற உருண்டைக்கு ரொட்டியே மேல். முட்டை தேவையில்லை. பச்சை இஞ்சி சேர்த்த கலவையை மணிக்கணக்கில் வைக்காதீர்கள், இஞ்சியில் உள்ள நொதி புரதத்தை உடைத்துக் கறியைக் குழையவிடும்.

உப்பு பார்க்கப் பச்சைக் கலவையை வாயில் வைக்க வேண்டாம். ஒரு சிட்டிகை எடுத்துக் கல்லில் சுட்டுப் பாருங்கள். பிறகு 30 கிராம் எடையில், பெரிய நெல்லிக்காய் அளவில் உருட்டினால் 20 உருண்டை வரும். கையை நனைத்துக்கொண்டு உருட்டவும்.

பொரிப்பதற்குப் பணியாரக்கல்லைப் போல வசதி எதுவுமில்லை. குழிக்கு அரை டீஸ்பூன் எண்ணெய், நல்ல சூடு, ஒரு பக்கம் பொன்னிறமானதும் குச்சியால் புரட்ட வேண்டும். உருண்டை உருண்டையாகவே இருக்கும், எண்ணெய்ச் செலவும் குறைவு. உள்ளே வேக வேண்டியதில்லை, மேல்தோல் பிடித்தால் போதும். இதைத் தாண்டிப் பச்சையாகவே சாஸில் போட்டால் சாம்பல் நிற நுரை மிதக்கும், சாஸின் நிறமே கெட்டுவிடும்.

சாஸுக்குத் தக்காளி ஒரு கிலோ. முழுக்க நாட்டுத் தக்காளி என்றால் புளிப்பு தூக்கும், நீர்த்தும் போகும்; முழுக்க பெங்களூர்த் தக்காளி என்றால் சப்பென்று இருக்கும். முக்கால் கிலோ பெங்களூர், கால் கிலோ நாடு என்பது சரியான கணக்கு. அடியில் கூட்டல் குறி போலக் கீறிக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டுத் தோலை உரித்துக் கத்தியால் கொத்துங்கள். வேகாத தக்காளியை மிக்ஸியில் ஓட்டினால் காற்று கலந்து வெளிறிய ஆரஞ்சாகும். நிறத்துக்கு நம் ஊர் குண்டு மிளகாய் இருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே ராமநாதபுரம் முண்டு மிளகாய்தான். தோல் தடிமனானது, விதையை உதறிவிட்டு 4 மிளகாயை வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து அரைத்தால் காரத்தைவிட நிறமும் மணமும்தான் முன்னால் நிற்கும். 3 மேசைக்கரண்டி எண்ணெயில் 8 பல் பூண்டு, 10 சின்ன வெங்காயம் வதக்கி, மிளகாய் விழுது, தக்காளி, ஒரு டீஸ்பூன் உப்பு. மூடாமல் 25 நிமிடம், எண்ணெய் ஓரத்தில் பிரியும் வரை. இத்தாலியர்கள் இந்த மாதிரிச் சாஸில் பேஸில் இலை போடுவார்கள். அதற்கு மாற்றாக வீட்டுத் துளசியைக் கிள்ளிப் போடாதீர்கள், வாசம் கஷாயத்துக்குப் போய்விடும். நாலைந்து புதினா இலை போதும்.

இப்போது முக்கால் டம்ளர் வெந்நீர் ஊற்றி, உருண்டைகளை ஒரே அடுக்காக வைத்து, மூடியைச் சற்றே திறந்தபடி சிறு தீயில் 12 நிமிடம். உள்வெப்பம் 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் ஒன்றைப் பிளந்து பார்க்கலாம், நடுவில் இளஞ்சிவப்பு இருந்தால் இன்னும் வேக வேண்டும்; ஆனால் நிறத்தை மட்டும் வைத்து வெந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கரண்டி போட்டுக் கிளறாமல் சட்டியைப் பிடித்து ஆட்டுங்கள். தளதளவென்று கொதித்தால் உருண்டை சுருங்கிச் சாற்றைக் கக்கும். வெடிக்கிறதென்றால் ஒன்று உப்புப் பிசைவு போதவில்லை, அல்லது வெங்காயத்தைப் பிழியவில்லை. இரும்புச் சட்டி, அலுமினியச் சட்டி இரண்டும் தக்காளிப் புளிப்புக்கு ஆகாது. மண்சட்டியோ எவர்சில்வரோ எடுங்கள். இடியாப்பத்துக்கு இந்தப் பதம், புரோட்டாவுக்கு இன்னும் அரை டம்ளர் தண்ணீர்.

அரைக் கிலோ கறி சுற்ற ஐந்து நிமிடம் ஆகிறதென்றால் கழுவித் துடைக்க அதுபோல மூன்று மடங்கு ஆகும். இதைச் சொல்லாமல் மெஷினைப் பாராட்டினால் நியாயமில்லை. அதுவும் கீழக்கரை, மண்டபம், தொண்டி மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊரில் வார்ப்பிரும்பு வைத்திருப்பது தனிப் பாடு. போர் தண்ணீரில் கழுவி அப்படியே கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் கத்தியின் ஓரத்தில் செம்மண் நிறப் புள்ளிகள் வந்திருக்கும். உடலுக்காவது ஈயப்பூச்சு இருக்கிறது. கத்திக்கும் தட்டுக்கும் அதுவும் இல்லை, துரு அங்கேதான் தொடங்கும். சுற்றி முடித்த கையோடு எல்லாவற்றையும் கழற்றி, சோப்பும் வெந்நீரும் போட்டுப் பிரஷால் தேய்த்து, கடைசி அலசலுக்கு மட்டுமாவது குடிதண்ணீரை எடுங்கள். ஊறப்போட வேண்டாம். துணியால் துடைத்து, சூடான தோசைக்கல்லின்மேல் தீயை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் காயவைத்து, தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவி, மூடி இறுக்கமான தூக்குவாளியில் போட்டு வைக்க வேண்டும். பளபளக்கட்டும் என்று புளி போட்டு விளக்குகிற பழக்கம் இங்கே வேண்டாம், பித்தளைக்கு நல்லது செய்யும் புளி ஈயப்பூச்சைத் தின்றுவிடும். புதிதாக வாங்கியதும் உள்ளே கறுப்புக் கிரீஸ் இருக்கும். வெள்ளைத் துணியால் துடைத்தால் கறுப்பு வராத வரை வெந்நீரும் சோப்பும் போடுங்கள், பிறகு பழைய ரொட்டியைச் சுற்றி வெளியே எறியுங்கள்.

இவ்வளவு பாடுபட முடியாதவர்கள் உடல், கத்தி, தட்டு எல்லாமே எவர்சில்வராக உள்ளதை வாங்கலாம். விலை நன்றாகவே கூடும், ஆனால் கடற்கரையில் அந்தக் கூடுதல் காசு வீணாகாது. அலுமினிய உடல் வேண்டாம், உப்பும் சோடா கலந்த சோப்பும் பட்டுக் கறுத்து, தொட்டால் கை கறுப்பாகும்.

நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் ஒரு தடவை உருண்டை என்றால் மெஷின் தேவையே இல்லை. விறைத்த கறியை 150 கிராமாகப் பிரித்து, மிக்ஸி சின்ன ஜாரில் ஒரு விநாடி விட்டு விட்டு மூன்று நான்கு தடவை தட்டினால் சமாளிக்கலாம். கூட்டுக் குடும்பம், பெருநாள் சமையல், மட்டன் கோலா, இறால் உருண்டை என்று அடிக்கடி கைமா போகிற வீட்டுக்கு எட்டாம் நம்பர் கண்டிப்பாக உழைக்கும். மட்டனுக்கு முதல் சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் தட்டும் கையில் இருப்பது நல்லது.

கடையில் பெட்டியைப் பிரித்து மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். கத்தியைத் தட்டின்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் இரண்டுக்கும் நடுவே ஒளிக்கீற்று தெரியக் கூடாது. தெரிந்தால் வேறு பெட்டி. வாயின் உள்பக்கம் விரலை விட்டுத் தடவி ஈயம் திட்டுத்திட்டாக இருக்கிறதா என்று பாருங்கள். கத்தியும் தட்டும் தனியே கிடைக்குமா என்று அப்போதே கேட்டு, ஒரு செட் கூடவே வாங்கிவிடுங்கள், தேய்வது அவை இரண்டும்தான்.