இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி ஸீ: 2009லேர்ந்து கேட்டுக்கிட்டு இருக்கேன்

ஹாஸ்டல்ல ஒரு பையன் இந்த ஆல்பத்த பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தான். மொத தடவ போட்டப்ப ஃபைல் கெட்டுப்போச்சுன்னுதான் நெனச்சேன், கிட்டார் கரகரங்குது, குரல் வெடிக்குது, ஹெட்செட் மாத்திப் பாத்தேன், வேற போன்ல போட்டுப் பாத்தேன், எல்லாத்துலயும் அதே கரகரப்பு. அப்புறம்தான் தெரிஞ்சுது, ஆல்பத்தத் தயாரிச்ச ராபர்ட் ஷ்னைடர் டென்வர்ல ரெக்கார்ட் பண்ணும்போதே வேணும்னேதான் அப்படி விட்டிருக்காருன்னு.

நியூட்ரல் மில்க் ஹோட்டல்ங்குற அமெரிக்க ராக் பேண்டோட ஆல்பம், 1998ல மெர்ஜ் ரெக்கார்ட்ஸ் கம்பெனி போட்டது. 11 பாட்டு, 40 நிமிஷம். திருநெல்வேலி ஜங்ஷன்ல பஸ் ஏறினா சேரன்மாதேவி வாரதுக்குள்ள முடிஞ்சிரும், எத்தனையோ வாட்டி அப்படிக் கேட்டிருக்கேன்.

என்னைய மொதல்ல புடிச்சது இதுல வர்ற தி ஃபூல்ங்குற டிராக்குதான். பாட்டே கிடையாது, வெறும் பித்தளை வாத்தியம், ரெண்டு நிமிஷம் கூட வராது. பாளையங்கோட்டைல வளந்தவங்களுக்குச் சொன்னா உடனே புரியும், அடக்கத்துக்குப் பேண்டு செட்டு முன்னால போகும்லா, டிரம்பெட்டு லேசா சுதி விலகி, பெரிய டிரம்மு ஒவ்வொரு அடியா வச்சு நடக்கும், அதே நடை. டைட்டில் பாட்டுல ஊளையிடுத மாதிரி ஒண்ணு வருதே, அது ரம்பம். நெசமாவே மரம் அறுக்குத ரம்பத்த வளைச்சு வில்லு போட்டு பேண்டுல இருக்க ஜூலியன் காஸ்டர் வாசிக்காரு. எங்க தெரு ஆசாரி மாமாட்ட கேக்க வச்சேன், கண்ண மூடிக் கேட்டுட்டு "நல்ல எஃகு, அதான் இப்படி அழுவுது"ன்னாரு.

பாட்டெழுதிப் பாடுத ஜெஃப் மாங்கம், நாஜிங்க முகாம்ல செத்துப்போன யூதப் பொண்ணு ஆன் ஃபிராங்க் டைரியப் படிச்சு மனசு ஒடைஞ்சு எழுதுன பாட்டு இதுல பல உண்டு. ஹாலந்து 1945ங்குற பாட்டு எவ்வளவு வேகமா குதிச்சாலும் உள்ள இருக்கது துக்கம். ரெண்டாவது பாட்டுல ஏசு பேர அடிவயித்துலேர்ந்து இழுத்துப் பாடுவாரு, பாடுதத மனசாரத்தான் பாடுதேன்னு ஆல்பம் கூட வந்த தாள்லயே எழுதிட்டாரு. எங்க ஆச்சி அந்த இடத்துல மட்டும் "சத்தமா வையில"ம்பா.

1998 கடைசியோட கச்சேரிய நிறுத்துன பேண்டுக்காரங்க திரும்பச் சேந்தது 2013ல. நடுவுல ஆல்பம் தானா வளந்துருச்சு. ஆர்கேட் ஃபயர்ங்குற கனடா பேண்டு மெர்ஜ்ல போய்ச் சேந்ததுக்கு இந்த ஆல்பமும் ஒரு காரணம், அவங்க ஃபியூனரல் ஆல்பத்துல கூட்டமா நின்னு தொண்ட கிழியப் பாடுதது எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டாலே தெரியும்.

எனக்குள்ள இது செஞ்ச வேல வேற. ஆச்சி கீர்த்தனை பாடுதத போன்ல ரெக்கார்ட் பண்ணி வச்சிருந்தேன், ஃபேன் சத்தம், நடுவுல இருமல், வாசல்ல பூக்காரம்மா குரல். ஆச்சி போனப்புறம் எல்லாத்தையும் எடுத்து க்ளீன் பண்ணலாம்னு சாஃப்ட்வேர்ல போட்டேன், இரைச்சல் போச்சு, கூடவே ஆச்சி மூச்சு வாங்குததும் போச்சு. அப்படியே அழிச்சிட்டு பழைய ஃபைலையே வச்சுக்கிட்டேன்.

புதுசா கேக்குதவங்க ஷஃபிள் போட்டுறாதீங்க, மொதப் பாட்டுலேர்ந்து வரிசையா வாங்க. கடைசிப் பாட்டு முடிஞ்ச ஒடனே நிறுத்தாம இருங்க, மாங்கம் கிட்டார கீழ வச்சிட்டு எந்திரிச்சுப் போற சத்தம் கேக்கும்.