5 கேவிஏ டீசல் ஜெனரேட்டர்: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

2018 நவம்பரில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபின், எங்கள் பகுதி வாரக்கணக்கில் இருளில் கிடந்தது. அம்மாவுக்கு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின்கருவி) தேவைப்பட்டதும் முதலில் அந்த நாட்கள்தான் நினைவுக்கு வந்தன. உடனே ஒரு 5 கேவிஏ (ஜெனரேட்டரின் மின்திறனைக் குறிக்கும் அளவு) டீசல் ஜெனரேட்டர் வாங்கினோம்.

மின்சாரம் தருவதில் குறையே இல்லை. சாவியைத் திருப்பியதும் ஓடத் தொடங்குகிறது. மோட்டாரும் ஃபிரிட்ஜும் சேர்ந்தாலும் திணறுவதில்லை. தொல்லையெல்லாம் புகையில்தான். பொருத்த வந்தவர் அதைப் பின்கட்டில், அம்மா படுக்கும் அறையின் ஜன்னலுக்கு மூன்றடி தள்ளி வைத்துவிட்டு, "சைலண்ட் மாடல் சார், ஒண்ணும் ஆகாது" என்றார். சைலண்ட் மாடலைச் சுற்றியிருக்கும் கூண்டு சத்தத்தைத்தான் அடக்கும், புகையை அடக்காது. பத்தே நிமிடத்தில் அறைக்குள் டீசல் நெடி ஏறிவிட்டது. நெடியாவது மூக்குக்குத் தெரியும். அதோடு வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அன்றே ஜெனரேட்டரைத் தோட்டத்து ஓரத்துக்கு மாற்றி, புகைக்குழாயைக் கூரைக்கு மேல் உயர்த்தினோம். கட்டட உயரத்துக்கு மேல் குழாய் எவ்வளவு நீள வேண்டும் என்பதற்கு அரசு விதி உண்டு. 5 கேவிஏவுக்கு அது ஏறத்தாழ 45 சென்டிமீட்டர்.

வாங்குவோர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். 2023 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, 19 கிலோவாட்டுக்கு மேற்பட்ட இயந்திரங்கள் ஒரு கிலோவாட்-மணிநேர (ஒரு யூனிட்) ஆற்றலுக்கு 0.03 கிராமுக்கு மேல் கரித்துகளை வெளியிடக் கூடாது. நம் வீட்டு அளவுச் சிறிய இயந்திரங்களுக்கோ 0.3 கிராம் வரை அனுமதி உண்டு. புதிய விதிக்கு உட்பட்டது என்ற முத்திரையை மட்டும் நம்பி ஜன்னலோரம் வைப்பது ஆபத்து.

முதல் மாதங்களில் கான்சன்ட்ரேட்டர், ஃபிரிட்ஜ், இரண்டு மின்விசிறிகள் ஆகியவற்றுக்காக மட்டும் மணிக்கணக்கில் ஓட்டினோம். சைலன்சர் இணைப்பில் தார்போலக் கறுப்பு எண்ணெய் கசிந்து சொட்டியது. துடைத்த துணி துவைத்தும் வெளுக்கவில்லை. லோடு (மின்சுமை) போதாமல் எஞ்சின் சூடேறாதபோது டீசல் முழுதாக எரிவதில்லை என்று மெக்கானிக் விளக்கினார். அதன்பின் பேட்டரியுடன் ஒரு இன்வெர்ட்டர் வாங்கி, இரவில் கான்சன்ட்ரேட்டரை அதில் ஓட்டுகிறோம். நீண்ட மின்தடை வந்தால், பகலில் இரண்டு மணி நேரம் மட்டும் தண்ணீர் மோட்டார், ஃபிரிட்ஜ், பேட்டரி சார்ஜ் எல்லாவற்றையும் ஒரே வேளையில் ஜெனரேட்டருக்குக் கொடுக்கிறோம். கசிவு நின்றுவிட்டது, அம்மாவின் அறை ஜன்னலும் இப்போது திறந்தே இருக்கிறது.